வண்ணத் தடையின்மைச் சான்று

என் முன்பற்கள் இரண்டும் சிவப்பில் போயின. இடது கைச் சுண்டுவிரல் வெள்ளையில் உடைந்தது. விலா எலும்பு மூன்றும் எந்த நிறத்தில் போயின என்று டாக்டர் கேட்டபோது, "அல்லா கலரும் சேந்து, டாக்டர்" என்றேன். அவர் மறுகேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார். வடசென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தவர். அவருக்குப் புரியும்.

மோட்டார் சைக்கிள் வாங்கப் போனேன் ஐயா. நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

என் பெயர் பிராங்கிளின். வயது முப்பத்தெட்டு. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் வீடு. துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்து, எங்கே பள்ளம், எங்கே துரு, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுக்கும் சர்வேயர் வேலை. நான் இருந்த யார்டை மூடி ஆறு மாதமாகிறது. அந்த ஆறு மாதமும் வீட்டை ஓட்டியவள் என் மனைவி ஆன்சி. காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் காலை ஐந்து மணியிலிருந்து ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நிற்பாள். விரல்கள் வீங்கி, கல்யாண மோதிரம் இறுகிப்போய், ஒருநாள் சோப்புப் போட்டு இழுத்துத்தான் கழற்றினோம். அவள் மோதிரத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். நான்தான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே மாதம் ஆர்டர் வந்தது. வள்ளூருக்கு அப்பால் ஒரு புது யார்டு, சீனியர் சர்வேயர். ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சேர வேண்டும். பஸ் போகாத இடம் என்பதால் சொந்த வண்டி கட்டாயம். வண்டி இல்லாமல் வருபவர் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்படுவார், பட்டியலில் அடுத்த ஆள் தயாராக இருக்கிறார் என்றும் அதிலேயே போட்டிருந்தார்கள்.

"ரெண்டாந்தேதிலேர்ந்து நீ ஐஸ்ல கைய வுடத் தேவல" என்று ஆன்சியிடம் சொன்னேன். ஜெபமாலை சொல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நம்பினாள், பாவம்.

கிரேன் ஓட்டும் என் தோஸ்து வெற்றிதான் வண்டியைப் பற்றி யோசனை சொன்னான். "ஸ்கூட்டர் கீட்டர் எட்த்துடாத மாமு. அந்த ரோட்ல உன் இடுப்பு எண்ணூர்ல ஒண்ணு, வள்ளூர்ல ஒண்ணு கெடக்கும். காடு மேடு ஏறுற வண்டி ஒண்ணு வந்துகீது, அத்த எடு."

திருவொற்றியூர் ஷோரூமுக்குப் போனேன். அபின் என்று ஒரு விற்பனையாளர். கோட்டு, டை, நெற்றியில் பழைய தையல் ஒன்று. "டூயல் ஸ்போர்ட் சார். தார் ரோட்லயும் ஓடும், ரோடே இல்லாத எடத்துலயும் ஓடும்" என்றார். எண்ணூர் போகும் வழி இரண்டாவது ரகம் என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது.

"என்ன கலர் சார்?"

"எதுனா ஒண்ணு குடுங்க."

அபின் என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இறக்கினார். பிறகு தணிந்த குரலில், "சார், எந்தத் தெரு?" என்றார்.

சொன்னேன்.

"அப்ப நீல அலை கால்பந்துக் கழகத்து ஏரியா. நீலம் நாலு மாசம் வெயிட்டிங். உங்க தெருவே புக் பண்ணி வெச்சிருக்கு. ஸ்டாக்ல இருக்குறது லாவா சிவப்பு, பனிமலை வெள்ளை, வனப் பச்சை, பாலைவன மணல். எதுன்னாலும் பேரவையோட வண்ணத் தடையின்மைச் சான்று இல்லாம சாவி தர முடியாது சார். போன மேனேஜர் தந்தாரு." சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது.

பேரவை என்றால் வடக்குக் கடற்கரை வாகன வண்ண நல்லிணக்கப் பேரவை. நானும் தூர இருந்து பார்த்ததோடு சரி. எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு ஒரு கிளப் உண்டு, கிளப்புக்கு ஒரு நிறம் உண்டு. பந்து விளையாடுபவர்கள் நீலம், குத்துச்சண்டை மன்றத்தார் சிவப்பு, கேரம் ஆடுகிறவர்கள் பச்சை, பந்தயப் புறா விடுகிறவர்கள் மணல் நிறம். மூன்று வருடத்துக்கு முன்னால் நீலத் தெருவில் ஒரு சிவப்பு வண்டியை யாரோ நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பதினோரு வண்டியும் ஒரு டீக்கடையும் எரிந்தன. இனி இப்படி நடக்கவே கூடாது என்று எல்லாத் தெருவும் கூடி, அழுது, கட்டிப்பிடித்து, இந்தப் பேரவையை உண்டாக்கின. அதற்கு முன்னால் வருடத்துக்கு இரண்டு சண்டை நடக்கும். இப்போது வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு.

வெளியூரில் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் தாம்பரத்தில் வாங்கினார். வண்டி வீடு வந்து சேர்ந்தது, மூன்று கோணிப்பையில்.

மே பதினைந்து, வியாழன். சிவப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு போனேன். பேரவைக் கட்டடம் பழைய மீன் குடோன். வாசலில் பெரிய எழுத்தில் 'காயம் பொய் சொல்லாது' என்று பலகை. அதன் கீழே ஒரு மேஜையில் கத்தி, லோடுமேன் கொக்கி, ஐஸ் உடைக்கும் கம்பி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். என்னிடம் ஒரு பால்பாயின்ட் பேனா மட்டும் இருந்தது. அதற்கும் டோக்கன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பெஞ்சுகள்தான். காரணம் கேட்டேன். "சேரு பறக்கும்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். சென்ற கூட்டங்களில் உயிர் நீத்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம். பிறகு ஒரு வெள்ளைப் புறாவைப் பறக்கவிட்டார்கள். அது பந்தயப் புறா. கூட்டம் முடிவதற்குள் திரும்பி வந்துவிடும். மூன்று வருடமாக அதே புறாதான்.

தலைவர் கருணாகரன் எழுந்தார். பழைய குத்துச்சண்டைக்காரர். முழு வெள்ளை உடுப்பு, கழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் தோள்.

"அமைதியின் பிள்ளைகளே! மூன்றாண்டுகளுக்கு முன் நாம் எப்படி இருந்தோம்? காட்டுமிராண்டிகளாக இருந்தோம். கண்ட இடத்தில், கண்ட நேரத்தில், கண்டவனை அடித்தோம். இன்று? வியாழக்கிழமை மட்டும், நாலு மணிக்கு மட்டும், விண்ணப்பித்தவனை மட்டும் அடிக்கிறோம். இதற்குப் பெயர் நாகரிகம்!"

கைதட்டல் தகரக் கூரையைத் தூக்கியது. நான் மட்டும் கைதட்டவில்லை. விண்ணப்பித்தவன் நான்.

செயலாளர் மேத்யூ, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "விண்ணப்பதாரர் பிராங்கிளின். கேட்கும் நிறம் சிவப்பு. ஆட்சேபணை உள்ள உறுப்பினர்கள் வரிசையில் வரவும்."

"ஆட்சேபணைய எழுதிக் குடுத்தா பதில் சொல்றேன் சார்" என்றேன்.

மேத்யூ என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விதி நாலு, தம்பி. எழுத்துல ஆட்சேபணை வாங்கிகினு இருந்தோம். எவனும் சும்மா எழுதிக் குடுத்துடுறான். வாயால சொன்னா நாளிக்கு மாத்திப் பேசுறான். அத்தொட்டு ஆட்சேபணைய விண்ணப்பதாரர் ஒடம்புல பதியணும். காயச் சான்று வாங்கி இணைக்கணும். அப்பதான் செல்லும்."

வரிசையில் முதல் ஆள் அறிவு. குத்துச்சண்டை மன்றத்து இளைஞர், சிவப்பு பனியன். வாட்சைக் கழற்றிப் பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று கும்பிட்டார். "அண்ணே, உங்க மேல எனக்கு இன்னா கோவம்? ஒண்ணும் கெடையாது. நீலத் தெருக்காரரு சிவப்புல போனா எங்க மன்றத்துக்கு அசிங்கம், அவ்ளோதான். பல்ல நல்லா கடிச்சிக்கோங்க. நாக்கு தப்பிச்சிக்கும்."

நல்ல பிள்ளை. நாக்கு தப்பித்தது. பற்கள் இரண்டும் மேத்யூவின் மேஜை மேல் போய் விழுந்தன. அவர் பேப்பர் வெயிட்டை நகர்த்தி அவற்றுக்கு இடம் விட்டார்.

அடுத்து வந்தவர்கள் என் சொந்தத் தெருக்காரர்கள். நாலு பேர். "நம்ம தெருவுல சோத்த துன்னுட்டு செவப்பு கேக்குறியா?" என்று முதுகில் நாலு ஆட்சேபணை. அதற்கப்புறம் கேரம் கிளப்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்ல சார். ஆனா ரெண்டு வியாயக்கெயம பதியலனா மெம்பர்ஷிப் போயிடும்" என்று வயிற்றில் மெதுவாக ஒன்று வைத்தார். கேரம் ஆடும் விரல்தான். ஆனாலும் குனிந்துவிட்டேன்.

நான் குனிந்த நேரத்தில், பின்னாலிருந்த ஒரு நீலம் வரிசையைத் தாண்டி முன்னால் வந்தது. "ஏய் கஸ்மாலம், வரிசைல வாடா!" என்று மேடைத் தமிழை மறந்து கத்தியபடி தலைவர் குதித்தார். ஒழுங்கை நிலைநாட்ட அவர் முதலில் உடைத்தது அந்த நீலத்தின் தாடையை. அப்புறம் கூட்டம் முழுவதும் எழுந்துவிட்டது. போல்ட் போட்ட பெஞ்சு ஒன்று தரையோடு பெயர்ந்து என் தலைக்கு மேலே போனதைப் பார்த்தேன். ஒருவர் இன்னொருவரின் கையைப் பின்னால் மடக்க, அது மரக்கிளை முறிகிற மாதிரி சத்தம் போட்டது. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மேத்யூ எழுதிக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன், அதனால் படித்தேன்: 'ஆழமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. இருபத்திரண்டு உறுப்பினர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். புறா திரும்பியது. கூட்டம் அமைதியாக நிறைவுற்றது.'

வெளியே சாமியானாவில் காயச் சான்று கொடுப்பவர் சாபிரா அக்கா. நர்சாக இருந்தவர். என் வாயைத் திறந்து டார்ச் அடித்தார். "ரெண்டு பல்லு. கையில கீதா? குடு, ஃபாரத்தோட பின் பண்ணணும். போன வாரம் ஒர்த்தரு பல்ல முழுங்கிட்டு வந்து நிக்கிறாரு. ஃபைல எப்டி மூடுறது?" பேனாவுக்குக் கொடுத்த டோக்கனைச் சண்டையில் தொலைத்துவிட்டேன். பேனாவைத் தரவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான்.

வீட்டில் ஆன்சி என் வாயைப் பார்த்தாள். எழுந்துபோய்க் கஞ்சியை இன்னும் கொஞ்சம் குழைய வைத்தாள். "வேற கலர் கேளு. இன்னும் ரெண்டு வியாயன் கீது" என்றாள்.

அடுத்த வியாழன் வெள்ளை கேட்டேன். அபின் சொன்ன யோசனை. எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லாத நிறம். "ஆட்சேபணை உள்ளோர் வரலாம்" என்று மேத்யூ மூன்று முறை கூப்பிட்டும் ஒருவரும் எழவில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தலைவர் முகம் மட்டும் கறுத்தது.

"ஆட்சேபணையே இல்லாத விண்ணப்பம் சந்தேகத்துக்குரியது" என்றார். "விதி பதினாலு. களப் பரிசோதனை!"

களப் பரிசோதனை என்பது இது. ஷோரூமிலிருந்து அந்த நிறத்துப் பெட்ரோல் டேங்க் ஒன்றைக் கொண்டுவந்து கயிறு கட்டி விண்ணப்பதாரர் கழுத்தில் மாட்டுவார்கள். அவர் கல்மண்டபத்திலிருந்து காசிமேடு வரை தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு தெருமுனையிலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பத்து நிமிடமும் அடி விழவில்லை என்றால் அந்தத் தெருவுக்கு ஆட்சேபணை இல்லை. பாதுகாப்புக்குக் கூடவே ஆறு அமைதித் தொண்டர்கள் வருவார்கள். கையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு, அடி விழுவதைக் குறித்துக்கொள்வது அவர்கள் வேலை. தடுப்பது வேலையில்லை. கேட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை டேங்கோடு கிளம்பினேன். நாலு தெரு தாண்டுவதற்குள் முட்டி உரிந்து, சட்டை கிழிந்து, ஒரு கண் மூடிக்கொண்டது. மாடியிலிருந்து ஒருவர் தலையைக் குறிவைத்துப் பூந்தொட்டி போட்டார். டேங்கில் பட்டது. டேங்க் நசுங்கியதற்கு என் பெயரில் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்கள்.

காசிமேட்டு வாசலில் மலர் இருந்தார். நாங்கள் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர். வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். அப்பாடா என்று நின்றேன்.

"இன்னா நைனா, டெஸ்டா?"

"ஆமாக்கா."

"என் தம்பி போன மாசம் மணல் கலர் கேட்டான். உன் வூட்டு எதுர்லதான் நிக்க வெச்சு அட்சானுங்க. பத்து நிமிசம். நீ எங்க இருந்த?"

நான் பொய் சொல்லவில்லை. "பால்கனில இருந்தேன்கா."

"எறங்கி வந்தியா?"

"இல்ல."

மலர் ஐஸ் பெட்டியின் மரமூடியை எடுத்தார். "கைய நீட்டு."

நீட்டினேன். வாங்கிய அடிகளில் எனக்கு நியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். வலியும் அதற்குத்தான் அதிகம்.

சாயந்திரம் முடிவு சொன்னார்கள். வெள்ளை கிடையாது. "வெள்ளை அமைதியின் நிறம். பேரவையில் அது தலைவருக்கு மட்டும் உரியது" என்றார் கருணாகரன், தன் வெள்ளை ஜீப்பில் சாய்ந்துகொண்டு.

"அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"மொதல்லயே சொல்லிட்டா டெஸ்டு எப்டிய்யா நடக்கும்?"

நீங்களே சொல்லுங்கள்.

மே இருபத்தொன்பது, கடைசி வியாழன். நாலு நாளில் வேலை. பச்சைக்கும் மணலுக்கும் சேர்த்தே ஃபாரம் போட்டிருந்தேன். காலையில் ஆன்சி என் சட்டைக்குப் பொத்தான் போட முயன்றாள். உடைந்த விரலால் என்னால் போட முடியவில்லை, வீங்கிய விரலால் அவளாலும் முடியவில்லை. இரண்டு பேரும் ஒரு பொத்தானோடு ஐந்து நிமிடம் போராடினோம். அந்த எரிச்சலோடுதான் போனேன். அதுதான் தப்பாகிவிட்டது.

விளக்கு, மௌனம், புறா எல்லாம் ஆயிற்று. தலைவர் பேசினார். "பேரவை தோன்றிய பின் நம் பகுதியில் எலும்பு முறிவு மருத்துவர்கள் மூவர் புதிதாக வந்துள்ளனர். கட்டு கட்டுபவர், பல் கட்டுபவர், சாமியானா போடுபவர் என்று நாற்பது குடும்பங்கள் வாழ்கின்றன. வேலைவாய்ப்பையும் அமைதியையும் ஒருசேரத் தந்த இயக்கம் உலகில் வேறு உண்டா?"

மேத்யூ என் ஃபாரத்தை எடுத்தார். "கேட்கும் நிறம், பச்சை அல்லது மணல். ஆட்சேபணை உள்ளோர்..."

கேரம் கிளப்பும் புறாக்காரர்களும் ஒரே நேரத்தில் எழுந்து, யார் முதலில் என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. பெஞ்சு மேல் ஏறி நின்றேன்.

"நிறுத்துங்கய்யா! எண்ணூர் ரோட்ல யாருனா போயிருக்கீங்களா? லாரி தூசியும் சாம்பலும் பறந்துகினு கீது அங்க. செவப்பு வண்டிய ஒரு வாரம் ஓட்டு, சாம்பலாத்தான் நிக்கும். பச்சைய ஓட்டு, சாம்பல். நீலம், மணல், தலைவரு வெள்ளை, அல்லாம் சாம்பல்! உங்க கலருன்னு ஒண்ணும் கெடையாதுய்யா. இன்னாத்துக்கு அட்சிகினு சாவுறீங்க? எனக்கு வேலைக்குப் போணும். என் பொண்டாட்டி கை வீங்கிப்போய் கீது. ஒரு வண்டிய வுடுங்கய்யா!"

சத்தம் அடங்கிவிட்டது. சட்டையைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விட்டன. புறாகூட அதற்குள் திரும்பி வந்து விட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். அறிவு ஒரு நீலத்துக்காரரைப் பார்த்தார். நீலத்துக்காரர் பச்சையைப் பார்த்தார். "நம்ம கலர சாம்பல்ன்றான் தல" என்றார் ஒருவர். அந்த 'நம்ம' என்ற வார்த்தை அந்த குடோனில் அதுவரை ஒலித்ததே கிடையாது.

வரிசையெல்லாம் இல்லை. மொத்தமாக வந்தார்கள். முதல் அடியில் பெஞ்சிலிருந்து விழுந்தேன், அதற்கப்புறம் எழவில்லை. பழக்க தோஷம், கன்டெய்னருக்கு எழுதுகிற மாதிரியே மனசு எழுதிக்கொண்டு போயிற்று: இடது பக்கம், நடுப்பகுதி, உள்வாங்கிய பள்ளம், மூன்று. வலது முழங்கால், வெளிப்புறம், தோல் உரிவு. மேல் மூலை, ரத்தக் கசிவு. ஒரு சிவப்பு பனியன்காரர் உதைத்துக் களைத்து விலக, "வா தலைவா, நான் பாத்துக்குறேன்" என்று ஒரு நீலம் அவர் தோளைத் தட்டி அவர் இடத்துக்கு வந்தது. யாரோ யாருக்கோ தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துக் கொடுத்தார்கள். கடைசியாகத் தெரிந்தது, மேடையில் நின்று கருணாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"இதுக்குத்தான்டா மூணு வருசமா ஒயச்சேன்!" என்று அவர் விம்மினார்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. ஆறு வாரம் படுக்கை என்றார் டாக்டர். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு யார்டிலிருந்து போன் வந்தது. ஆன்சிதான் எடுத்தாள். அடுத்த ஆள் ஏழு மணிக்கே வந்து சேர்ந்துவிட்டாராம், வண்டியோடு. "செரிங்க" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு ஒருநாள் லீவு போட்டிருந்தாள். "நாளிக்குப் போணும்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்கள் அடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு கேவலமாக இல்லை.

பதினொரு மணிக்குத் தலைவரும் செயலாளரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைவர் எனக்குச் சால்வை போட்டார். கட்டு மேல் பட்டு வலித்தது.

"தங்கச்சி, உன் புருசன் ஒரு மகான்" என்றார் ஆன்சியிடம். "பேரவை ஆரம்பிச்சு இத்தினி வருசத்துல மொத தபா ஒர்த்தன ஒர்த்தன் அட்ச்சுக்கல. அல்லாரும் இவர மட்டும்தான் அட்சானுங்க. முடிஞ்சப்பால செவப்பும் நீலமும் தோள்ல கை போட்டுகினு போய் டீ குட்சானுங்க. நாலு நாளா ஏரியால ஒரு சண்ட கெடையாது. அத்தினி பேரயும் ஒண்ணு சேத்துட்டாரு." பிறகு மேடைத் தமிழுக்கு மாறினார். "ஆகவே பேரவை ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. திரு. பிராங்கிளின் அவர்களை நிரந்தர நல்லிணக்க அலுவலராக நியமிக்கிறோம். வியாழன்தோறும் மாலை நாலு மணிக்கு..."

அவர் முடிக்கவில்லை. ஆன்சி கஞ்சி கொண்டுவந்த எவர்சில்வர் கேரியரை எடுத்து அவர் புருவத்தில் போட்டாள். முழு வீச்சு. கஞ்சியும் ரத்தமும் வெள்ளைச் சட்டையில் வழிந்தன. பக்கத்துக் கட்டில்காரர் போர்வையைத் தன் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார்.

மேத்யூ கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார். "பதினொண்ணு பத்து. சகோதரியின் ஆட்சேபணை. மூணு தையல் தேறும். முறைப்படி ஏற்கப்பட்டது."

கருணாகரன் கோபப்படவில்லை. கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு, "சோக்கா அடிக்கிற தங்கச்சி" என்றார். மற்ற கையால் நியமன ஆர்டரை நீட்டினார். "படிச்சிட்டுக் கிழி."

ஆன்சி கிழிக்கத்தான் வாங்கினாள். எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் தாளைப் பிடித்து இழுத்தாள். வீங்கின விரலுக்குத் தாள் பிடிபடாமல் வழுக்கிற்று. மறுபடி பிடித்தாள். அதற்குள் சம்பளம் எழுதியிருந்த வரி அவள் கண்ணில் பட்டுவிட்டது. யார்டு தருவதாகச் சொன்னதைவிடக் கூடுதல். அவள் கை நின்றது.

கசங்கிய தாளைப் புறங்கையால் நீவினாள்.

"வியாயன் மட்டுமா?"

"வியாயன் மட்டும். பெரிய வியாயன் லீவு. கிறிஸ்துமஸ் வியாயன்ல வந்தா அதுவும் லீவு."

"வைத்தியச் செலவு?"

"பேரவை பாத்துக்கும்."

"ஆன்சி, வேணா" என்றேன். எழ முயன்றேன், விலா விடவில்லை.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "நீ சும்மா இரு. நான் ஐஸ்ல கைய வுட்டப்ப உன்னக் கேட்டா வுட்டேன்?"

அப்போதுதான் அவள் அழுகிறாள் என்பதைக் கவனித்தேன். குரலில் அது தெரியவில்லை.

"தலைல அடிக்கக் கூடாது" என்றாள். "கை, காலு, முதுகு உங்க இஷ்டம். தலைல கூடாது. இதுல எழுதிக் குடு."

தலைவர் தலையாட்டினார். மேத்யூ கட்டில் விளிம்பில் தாளை வைத்துப் பேனாவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "தலைன்னா எங்கேர்ந்து எது வரிக்கும்மா? இப்பவே தெளிவா எழுதிட்டா அப்பால பேஜாரு இல்ல பாரு."

ஆன்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தோளில் கட்டு முடியும் இடத்துக்கு மேலே, கழுத்தில், வீங்கின விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இங்கேர்ந்து மேல. காதும் சேத்து எழுது."

மேத்யூ காதையும் சேர்த்து எழுதினார்.